கண்புரை ஆபரேஷன்: கூடப் போகிறவருக்கு

கண்புரை ஆபரேஷன் மேஜையில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். காலையில் போனால் பெரும்பாலும் அன்று பிற்பகலே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனாலேயே பலரும் இதைப் பல் பிடுங்குகிற மாதிரி எண்ணிக்கொண்டு, கூட யாராவது வந்தால் போதும் என்று கிளம்பிவிடுகிறார்கள். டாக்டர் வேலை அந்தப் பதினைந்து நிமிடம்தான். அதற்குப் பிறகு ஒரு மாதம், ஒன்றரை மாதம் சொட்டு மருந்து விடுகிற வேலை வீட்டில் இருப்பவர் தலையில். அம்மாவையோ அப்பாவையோ மாமியாரையோ முதல்முறையாக அழைத்துப் போகிறவருக்காக இது எழுதப்படுகிறது.

உள்ளே என்ன செய்கிறார்கள்

கண்ணின் மேல் தோல் மாதிரி ஏதோ படர்ந்துவிட்டது, அதை உரித்து எடுக்கிறார்கள் என்று இன்னமும் சிலர் நினைக்கிறார்கள். மங்கிப்போவது கண்ணுக்கு உள்ளே இருக்கிற லென்ஸ். அது ஒரு மெல்லிய உறைக்குள் இருக்கிறது. உறையின் முன்பக்கத்தில் வட்டமாகத் திறந்து, மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு, அதே உறைக்குள் செயற்கை லென்ஸை வைத்துவிடுகிறார்கள். உறையின் பின்பக்கம் அப்படியே இருக்கும். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் வேலைக்கு வரும்.

இரண்டு முறைகள் உண்டு. பேக்கோ என்பதில் 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வெட்டு. ஒலியலையால் லென்ஸை உடைத்து உறிஞ்சி எடுத்து, மடித்த லென்ஸை அந்தச் சிறு வழியில் உள்ளே விட்டு விரியவைப்பார்கள். இதைத்தான் ஊரில் எல்லோரும் "லேசர் ஆபரேஷன்" என்கிறார்கள். இதில் லேசர் கிடையாது. மற்றொன்று எஸ்.ஐ.சி.எஸ். எனும், லென்ஸைக் கையாலேயே வெளியே எடுக்கும் முறை, வெட்டு 6, 7 மில்லிமீட்டர் இருக்கும், புரை நன்றாக முற்றிக் கல்லாகிவிட்டவர்களுக்கு இதுவே பாதுகாப்பாக அமைவதுண்டு. இரண்டிலும் பெரும்பாலும் தையல் இல்லை. எந்த முறை என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். தலைக்குக் குளிப்பதும் கண்ணாடி மாற்றுவதும் எத்தனை நாளில் என்பது அதைப் பொறுத்து மாறும்.

தேதி குறிப்பதற்கு முன்

முதல் வேலை மாத்திரைப் பட்டியல். "சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை" என்று வாயால் சொன்னால் போதாது. அட்டைகளை ஒரு பையில் போட்டு அப்படியே எடுத்துப் போங்கள். அதில் இரண்டு வகை மாத்திரைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின். கண்புரைக்கு இவற்றைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் "கண் ஆபரேஷனாச்சே" என்று தானாக நிறுத்திவிட்டு வருவதுதான் ஆபத்து. நிறுத்துவதா வேண்டாமா என்பதைக் கண் டாக்டரும் இதய டாக்டரும் முடிவு செய்யட்டும்.

இரண்டாவது, அப்பாக்கள் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுகிற மாத்திரை: சிறுநீர் தாராளமாகப் போவதற்குக் கொடுக்கும் டாம்சுலோசின். இதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபரேஷன் நடுவில் கண்மணி திடீரென்று சுருங்கலாம், கருவிழிக்குப் பின்னால் இருக்கும் திரை தொளதொளவென்று ஆடலாம். எப்போதோ சாப்பிட்டு நிறுத்தியிருந்தாலும் அந்த விளைவு வரக்கூடும், அதனால் கடைசி நேரத்தில் நிறுத்திப் பயனில்லை. டாக்டருக்கு முன்பே தெரிந்தால் அதற்கான மருந்தோடும் கருவியோடும் தயாராக இருப்பார். தெரியாமல் உள்ளே போனால்தான் சிக்கல்.

பிறகு அளவெடுப்பது. கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்துதான் லென்ஸின் பவரைக் கணக்கிடுகிறார்கள். நீளத்தில் 1 மில்லிமீட்டர் தவறினால் பவர் ஏறக்குறைய 2.5 முதல் 3 வரை தப்பிவிடும். அசையாமல் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். காண்டாக்ட் லென்ஸ் போடுபவராக இருந்தால் சில நாட்களோ வாரங்களோ முன்பே கழற்றிவிட வேண்டியிருக்கும். முன்பு கண்ணாடியைத் தவிர்க்க லேசர் செய்துகொண்டவர் அதை மறக்காமல் சொல்ல வேண்டும், கணக்கே வேறு.

கீழ் இமை ஓரத்தில் ஒரு சிறு ஊசியை வைத்து உப்புநீர் செலுத்திப் பார்ப்பார்கள். வயதானவர்கள் இதற்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். தண்ணீர் தொண்டைக்கு வந்தால் கண்ணீர்க் குழாய் நன்றாக இருக்கிறது. திரும்பிச் சீழாக வந்தால் அதைச் சரிசெய்யாமல் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். அதேபோல் காலில் ஆறாத புண், பல்லில் சீழ், இருமலோடு காய்ச்சல் எதுவாக இருந்தாலும் மறைக்காதீர்கள். தேதி தள்ளிப்போவது நஷ்டமே இல்லை. புரை ஒரு மாதம் காத்திருக்கும்.

லென்ஸ் தேர்வுதான் பலரைக் குழப்புகிறது. ஆஸ்பத்திரியில் விளக்கம் சொல்லும் கவுன்சிலரின் மேஜையில் ஐந்தாறு விலை எழுதிய தாளை நீட்டுவார்கள். சுருக்கமாக: மோனோஃபோகல் லென்ஸ் ஒரே தூரத்துக்குத்தான், வழக்கமாகத் தூரப் பார்வைக்கு வைப்பார்கள், பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும். டோரிக் என்பது சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததால் வரும் பவர், கணிசமாக இருப்பவருக்கு. மல்டிஃபோகல் இரண்டு தூரத்துக்கும் உதவும், ஆனால் இரவில் எதிர்வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்தவருக்கும் கண்ணழுத்த நோய் முற்றியவருக்கும் அது பொதுவாக ஏற்றதல்ல. விலை கூடிய லென்ஸ் பார்வையைக் கூட்டிவிடாது, கண்ணாடித் தேவையைத்தான் குறைக்கும். எழுபத்தைந்து வயதில் வீட்டோடு இருக்கிற, கண்ணாடி போட்டுப் பழகிய அம்மாவுக்கு மோனோஃபோகலே போதும் என்பது எங்கள் எண்ணம். இரவில் வண்டி ஓட்டுகிறவர் மல்டிஃபோகலுக்குச் சம்மதிக்கும் முன் இரண்டு முறை யோசிக்கட்டும்.

பணம் இல்லை என்பதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976 முதல் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலும் கண் முகாம்களிலும் லென்ஸோடு இலவசமாகச் செய்கிறார்கள். அதே 1976-இல்தான் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் அங்கேயே ஆரோலேப் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, இறக்குமதி லென்ஸை நம்பி இருந்த நிலை மாறிப்போனது.

இன்சூரன்ஸ் இருந்தால் பாலிசியில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: கண்புரைக்கான காத்திருப்புக் காலம், ஒரு கண்ணுக்கு எவ்வளவு என்ற உச்சவரம்பு. இது டே-கேர் சிகிச்சை, 24 மணி நேரம் தங்க வேண்டிய அவசியமில்லை. ஆபரேஷன் முடிந்ததும் லென்ஸ் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தருவார்கள். கிளெய்முக்கு அதையும் அளவெடுத்த ரிப்போர்ட்டையும் கேட்பார்கள்.

முந்தின நாளும் அன்று காலையும்

முந்தின நாளே எண்ணெய் தேய்க்காமல் தலைக்குக் குளிப்பாட்டிவிடுங்கள், இனிச் சில நாளைக்கு முடியாது. ஆண்கள் முகச்சவரம் செய்துகொள்ளட்டும். மை, பவுடர், நெற்றியில் விபூதி, குங்குமம் எதுவும் வேண்டாம். பூவும் வேண்டாம். மூக்குத்தியைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வருடக்கணக்கில் கழற்றாத மூக்குத்தியை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கழற்ற முடியாது. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையோ ரவிக்கையோ போட்டுவிடுங்கள். தலைவழியாகக் கழற்றும் உடை, திரும்பி வந்தபின் கண்மேல் உரசும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வித்தியாசம் உண்டு. சொட்டு மருந்திலேயே மரத்துப்போகச் செய்து ஆபரேஷன் செய்கிற இடங்களில் பெரும்பாலும் இட்லி மாதிரி இலேசான காலை உணவுக்கு அனுமதிப்பார்கள். மயக்கம் கொடுப்பதாக இருந்தால் திட உணவு 6 மணி நேரம் முன்பும், தண்ணீர் 2 மணி நேரம் முன்பும் நிறுத்துவது பொதுவான வழக்கம். எதுவாக இருந்தாலும் சுகர்காரருக்கு ஒரு கேள்வி தனியாகக் கேளுங்கள்: "காலை மாத்திரையும் இன்சுலினும் என்ன செய்வது?" பட்டினி போடச் சொல்லியிருக்கும் நாளில் வழக்கம்போல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, மதியம் வரை வரிசையில் உட்கார வைத்தால் சர்க்கரை இறங்கி வியர்த்து விழுந்துவிடுவார்கள். பிரஷர் மாத்திரையைப் பெரும்பாலும் ஒரு வாய் தண்ணீரோடு போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அதை விட்டுவிட்டு வந்து, அங்கே பிரஷர் ஏறிக்கிடப்பதைப் பார்த்துத் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் நிறைய.

ஆஸ்பத்திரியில் கண்மணியை விரிக்கும் சொட்டை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விடுவார்கள். எந்தக் கண் என்று நெற்றியில் குறி போடுவார்கள். பேர், வயது, எந்தக் கண் என்று நாலு பேர் நாலு முறை கேட்பார்கள். சலித்துக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் பதில் சொல்லச் சொல்லுங்கள். உள்ளே போகுமுன் சிறுநீர் கழித்துவிட வேண்டும், இதை மறந்துவிட்டு மேஜையில் நெளிகிறவர்கள் உண்டு.

மரத்துப்போக வைப்பது சொட்டிலோ, கண்ணருகே ஊசியிலோ நடக்கும். ஊசி போட்டால் மறுநாள் வரை கட்டு இருக்கும், சில மணி நேரம் இமை தூக்க வராது, எல்லாம் இரண்டாகத் தெரியலாம். முகத்தின்மேல் துணி போர்த்துவார்கள், காற்று வரும். கண்ணைச் சுற்றியும் கண்ணுக்குள்ளும் அயோடின் மருந்து விடும்போது குளிர்ச்சியாகவோ எரிச்சலாகவோ இருக்கும். கிருமித்தொற்றைத் தடுப்பதில் இந்த மருந்துக்கு முக்கியப் பங்கு. பிறகு பிரகாசமான வெளிச்சம், தண்ணீர் ஓடுகிற உணர்வு, இயந்திரச் சத்தம். கத்தியோ ஊசியோ கண்ணுக்குத் தெரியாது. நோயாளி செய்ய வேண்டியது ஒன்றே: தலையை ஆட்டாமல், வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது. இருமல் வந்தால், மூச்சு முட்டினால், முதலில் வாயால் சொல்லிவிட்டு அப்புறம் இரும வேண்டும். மல்லாந்து படுக்க முடியாத முதுகுவலி, ஆஸ்துமா, காது மந்தம் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சொட்டு மருந்து

இதுதான் இந்தக் கட்டுரையின் நடுநாயகம். வழக்கமாக மூன்று வகை வரும். கிருமிக்கொல்லி ஒன்று, ஒன்றிரண்டு வாரத்துக்கு. அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு, நாலு முதல் ஆறு வாரம். வலிநிவாரணி வகைச் சொட்டு சிலருக்கு. ஸ்டீராய்டையும் கிருமிக்கொல்லியையும் ஒரே பாட்டிலில் சேர்த்துத் தருவதும் உண்டு.

ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். உதாரணமாக முதல் வாரம் ஒரு நாளைக்கு 6 முறை, அடுத்த வாரம் 5, பிறகு 4, 3, 2, 1 என்று எழுதியிருக்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 147 சொட்டு. 5 மில்லி பாட்டிலில் சுமார் 100 சொட்டுதான் இருக்கும். கன்னத்தில் வழிந்ததையும் சேர்த்தால் மூன்றாவது வாரத்திலேயே பாட்டில் காலி. "மருந்து தீர்ந்துபோச்சு, பார்வையும் நல்லாத்தானே இருக்கு" என்று அதோடு விட்டுவிடுகிற வீடுகள் ஏராளம். சில நாளில் கண் சிவந்து, வெளிச்சம் கூசி, வலி வந்து நிற்பார்கள். காலி ஆகுமுன் இரண்டாவது பாட்டில் வாங்கிவைத்துவிடுங்கள். மாறாக, மருந்து நன்றாக இருக்கிறதே என்று சொன்ன நாளுக்கு மேலும் விட்டுக்கொண்டே போவதும் கூடாது, ஸ்டீராய்டு சிலருக்குக் கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், திறந்த தேதியை அதிலேயே எழுதிவிடுங்கள்.

விடும் முறை:

1. சோப்புப் போட்டுக் கை கழுவித் துடையுங்கள். நகம் வெட்டியிருக்கட்டும்.

2. அம்மாவைப் படுக்க வையுங்கள், இல்லை நாற்காலியில் தலையைச் சாய்க்கச் சொல்லுங்கள். மேலே மின்விசிறியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. பால் மாதிரி வெண்மையான மருந்தாக இருந்தால் நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி, மேலே இருக்கும் நீர்தான் கண்ணுக்குப் போகும்.

4. கீழ் இமையைக் கன்ன எலும்பின்மேல் விரல் வைத்துக் கீழே இழுங்கள். கண்மணியின் மேலோ மேல் இமையிலோ அழுத்தம் விழவே கூடாது.

5. இழுத்த இடத்தில் ஒரு சிறு பை மாதிரி தெரியும். அதில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையிலோ முடியிலோ படக் கூடாது. பட்டால் பாட்டிலுக்குள் கிருமி போகும். ஒரு சொட்டே கண் கொள்ளும் அளவுக்கு மேல்தான், இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும்.

6. கண்ணை மெதுவாக மூடச் சொல்லுங்கள். இறுக்கிச் சிமிட்டினால் மருந்து வெளியே வந்துவிடும். மூக்கோரத்தில், கண்ணின் உள்மூலையில் எலும்பின்மேல் விரலால் ஒன்றிரண்டு நிமிடம் இலேசாக அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்காது. தொண்டையில் கசந்தால் அது இப்படி இறங்கிய மருந்துதான்.

7. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. உடனே விட்டால் முதல் மருந்தைக் கழுவிவிடும்.

நேரத்தை எழுதிய தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, விட்டவுடன் கோடு போடுங்கள். மூன்று பேர் மாறிமாறி விடும் வீட்டில் கோடு இல்லாவிட்டால் ஒரே வேளை மருந்து இரண்டு தடவை விழும், இல்லை விழவே விழாது.

காலையில் பீளை ஒட்டியிருந்தால் ஆஸ்பத்திரியில் தரும் சுத்தமான பஞ்சால் துடைக்கலாம். இல்லையென்றால் பஞ்சை மூடிய பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, கழுவிய கையால் பிழிந்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக இமையின் வெளியே ஒரே இழுப்பில் துடைத்து, அந்தப் பஞ்சைப் போட்டுவிடுங்கள். முந்தானையும் துண்டும் கைக்குட்டையும் கண்ணுக்கு அருகிலேயே வரக் கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம், கூடாது

நடக்கலாம், டி.வி. பார்க்கலாம், படிக்கலாம். கண்ணுக்கு வேலை கொடுத்தால் லென்ஸ் கெட்டுப்போகும் என்பது கதை. கழுத்துக்குக் கீழே அன்றே குளிக்கலாம். முகத்தை ஈரத்துணியால், கண்ணைத் தவிர்த்துத் துடைக்கலாம். தலைக்குத் தண்ணீர் ஒரு வாரம் பத்து நாளாவது வேண்டாம், எஸ்.ஐ.சி.எஸ். என்றால் இன்னும் தள்ளிச் சொல்வார்கள். அதற்குப் பிறகும் முதல் சில முறை, சலூனில் செய்வதுபோல் தலையைப் பின்னால் சாய்த்து வேறொருவர் அலசிவிடட்டும். கிணறு, குளம், கடல், தீர்த்தத்தில் முழுக்கு எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, டாக்டர் சொன்ன பிறகு.

தூங்கும்போது கண்ணின்மேல் பிளாஸ்டிக் மூடியை டேப்பால் ஒட்டிவிடுங்கள். தூக்கத்தில் கை தானாகக் கண்ணைத் தேய்க்கப் போகும், அதற்காகத்தான். ஆபரேஷன் செய்த பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டாம். பகலில் கறுப்புக் கண்ணாடி தூசிக்கும் பேரப்பிள்ளைகளின் விரலுக்கும் காவல். மடியில் தவழும் குழந்தை கண்ணைப் பிடித்து இழுப்பது நடக்காத விஷயம் அல்ல.

தண்ணீர்க் குடம் 15 கிலோ எடை. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். தலைகீழாகக் குனிந்து கோலம் போடுவதும், முக்கி மலம் கழிப்பதும் கூடாது. மலச்சிக்கல் இருந்தால் மருந்து கேளுங்கள். விறகடுப்புப் புகை, சாம்பிராணி, மிளகாய் வறுக்கும் நெடி கொஞ்ச நாள் தள்ளியே இருக்கட்டும்.

பத்தியம் ஒன்றும் கிடையாது. கத்தரிக்காய், மீன், முட்டை, புளி எதையும் இதற்காக நிறுத்த வேண்டாம். சுகர்காரர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் போதும். ஆனால் கண்ணில் தாய்ப்பால், விளக்கெண்ணெய், பூச்சாறு, பன்னீர் விடுகிற உறவுக்காரர் வந்தால் வாசலிலேயே தடுத்துவிடுங்கள்.

எது சகஜம், எது அவசரம்

முதல் சில நாள் மண் விழுந்ததுபோல் உறுத்தும், நீர் வடியும், கொஞ்சம் சிவந்திருக்கும். வெள்ளை வேட்டி நீலம் பாய்ந்ததுபோல் தெரிகிறது என்பார்கள். பழைய புரை மஞ்சள் கண்ணாடி மாதிரி இருந்தது, அது போய்விட்டதால்தான் இப்படி. முற்றிய புரை எடுத்தவருக்குக் கருவிழி வீங்கி, காலையில் மூட்டமாகவும் போகப்போகத் தெளிவாகவும் தெரியலாம். ஆனால் ஓரத்தில் ஒரு மின்னல் கீற்றோ நிழலோ தெரிந்தால் அதைச் சகஜம் என்று விட்டுவிடாதீர்கள், அது அடுத்துச் சொல்லும் அவசரங்களில் சேர்ந்தது.

நாள் ஆக ஆகக் குறைய வேண்டியது கூடினால் அவசரம். நேற்றைவிட இன்று வலி அதிகம், பார்வை குறைவு, சிவப்பு கூடுதல், இமை வீக்கம், சீழ்: இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவு இரண்டு மணியானாலும் போக வேண்டும். கண்ணுக்குள் கிருமி புகுந்திருந்தால் பெரும்பாலும் முதல் வாரத்தில் காட்டிக்கொடுக்கும், அதில் ஒவ்வொரு மணி நேரமும் பார்வையைத் தின்னும். "மாத்திரை போட்டுப் பார்ப்போம், திங்கட்கிழமை போகலாம்" என்பது அந்தக் கண்ணை விட்டுக்கொடுப்பது. அதேபோல் பளிச் பளிச்சென்று ஒளி வெட்டுவது, புதிதாகக் கறுப்புப் புள்ளிகள் கொத்தாக மிதப்பது, ஒரு பக்கம் திரை இறங்குவதுபோல் மறைப்பது எல்லாம் விழித்திரை விலகுவதன் அறிகுறியாக இருக்கலாம். இவை வாரங்கள், மாதங்கள் கழித்தும் வரலாம். ஆஸ்பத்திரியின் இரவு நேர எண்ணை டிஸ்சார்ஜ் அன்றே உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

கண்ணாடியும் அடுத்த கண்ணும்

புதுக் கண்ணாடிக்கு அவசரப்படாதீர்கள். புண் ஆறி பவர் நிலைப்பதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தாம் நாள் செய்த கண்ணாடி ஒன்றரை மாதத்தில் பொருந்தாமல் போய், பணம் வீண். இடையில் படிக்க மட்டும் தற்காலிகமாக ஒரு வாசிப்புக் கண்ணாடி போதும். பழைய கண்ணாடியில் அதிகப் பவர் இருந்தவருக்கு இரண்டு கண்ணுக்கும் ஒத்துப்போகாமல் தலைசுற்றும், படியில் கால் தவறும். அவருக்கு அடுத்த கண்ணைச் சீக்கிரம் செய்துவிடுவதே நல்லது, முதல் கண் தெளிந்தபின் சில வாரத்தில் செய்வார்கள்.

மாதங்களோ ஒன்றிரண்டு வருடங்களோ கழித்து, "லென்ஸ் வைத்த கண் மறுபடி மங்குது, புரை திரும்ப வந்துடுச்சு" என்று அம்மா சொல்லலாம். எடுத்த புரை திரும்ப வராது. முதலில் சொன்ன அந்த உறையின் பின்பக்கம் பனி படர்ந்ததுபோல் ஆகியிருக்கும். அதற்குத்தான் நிஜமான லேசர். உட்கார்ந்தபடியே சில நிமிடத்தில் உறையில் ஒரு சிறு துளை போட்டுவிடுவார்கள், கத்தி இல்லை, கட்டு இல்லை. லென்ஸ் ஸ்டிக்கர் ஒட்டிய பழைய டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் போங்கள். அன்றைக்கும் கண்மணியை விரிக்கும் சொட்டு விடுவார்கள், சில மணி நேரம் எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும். தனியாக பஸ் ஏற்றி அனுப்பாமல் அன்றும் கூடவே போங்கள்.